அதிபர் தேர்தலில் ஒரு கட்சி பெருவெற்றி பெற எவையெல்லாம் கூடிவர வேண்டும்?

கேள்வி: திருமங்கலம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்து நூலகத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நாட்டு நடப்புகளைப் பேசி வருகிறேன். சென்ற வாரம் அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு மாணவர் கரும்பலகையில் 312, 226 என்று இரண்டு எண்களை எழுதி, 2024-இல் டொனால்ட் டிரம்ப் பெற்றது அமோக வெற்றி என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்து, அவற்றுக்கு நேர் கீழே 49.8, 48.3 என்று எழுதிவிட்டு, நூற்றுக்கு ஒன்றரை ஓட்டு வித்தியாசத்தை எப்படி அமோக வெற்றி என்பது என்று கேட்டார். இருவர் எழுதிய கணக்கிலும் பிழை இல்லை. எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. எந்த அளவுக்கு வென்றால் அதைப் பெருவெற்றி என்று சொல்லலாம்? அப்படி வெல்வதற்கு ஒரு கட்சியிடம் என்ன இருக்க வேண்டும், எதிர்க்கட்சியிடம் என்ன இல்லாமல் போக வேண்டும்? ஒரு கட்சி தன் உழைப்பால் அலையை உண்டாக்கிவிட முடியுமா, அல்லது அலை தானாக வரும்போது அதற்கு ஆயத்தமாக இருப்பதுதான் கட்சியால் ஆவதா? எந்தக் கட்சி நல்ல கட்சி என்ற விவாதத்துக்குள் போகாமல், இதை மட்டும் எனக்கு விளக்கினால், அந்தப் பிள்ளைகளின் சார்பில் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கீழவாசல்

ஐயா, அமெரிக்க அதிபர் தேர்தலை ஒரே தேர்தல் என்று எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஐம்பது மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் தனித்தனியே நடக்கும் ஐம்பத்தொரு தேர்தல்களின் கூட்டுத்தொகை அது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் கீழவையின் 435 இடங்களையும் மேலவையின் 100 இடங்களையும் ஒட்டி, அதிபருக்கு இறுதி வாக்கை அளிக்கும் தேர்வாளர்கள் மாநிலங்களுக்கு ஒதுக்கப்படுகிறார்கள். 1961-இல் நிறைவேறிய 23-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்படி தலைநகருக்கு 3 பேர். ஆக மொத்தம் 538, வெற்றிக்கு வேண்டியது 270. மாணவர் எழுதிய 312-ம் 226-ம் இந்தத் தேர்வாளர் வாக்குகள், மாணவி எழுதியவை மக்கள் வாக்கின் விழுக்காடுகள். மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டைத் தவிர மற்ற மாநிலங்களில், ஒரே ஒரு ஓட்டு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்ச் சேருகிறார்கள். நம் மாநிலத்தில் 2014 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. ஏறத்தாழ 45 விழுக்காடு வாக்கைக் கொண்டு 39 தொகுதிகளில் 37-ஐ எடுத்ததல்லவா, அதே கணக்குதான் அங்கும் நடக்கிறது. 1980-இல் ரொனால்ட் ரீகன் பெற்ற மக்கள் வாக்கு 50.7 விழுக்காடு, தேர்வாளர் வாக்கோ 489, அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு.

ஆகையால், பெருவெற்றி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எந்த இலக்கணமும் இல்லாத நிலையில், இரண்டு அளவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 400-க்கு மேல் தேர்வாளர் வாக்கு, மக்கள் வாக்கில் 10 விழுக்காட்டுக்கு மேல் இடைவெளி என்ற இரண்டும் சேர்ந்தால் அதை நான் தயங்காமல் பெருவெற்றி என்பேன். அந்த அளவுகோலைக் கடந்த தேர்தல்களில் நான்கு தனித்து நிற்கின்றன. 1936-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 60.8 விழுக்காட்டுடன் 523-க்கு 8 என்று வென்றார். மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டு சிறு மாநிலங்களே அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1964-இல் லிண்டன் ஜான்சன் 61.1 விழுக்காடு, 486-க்கு 52. 1972-இல் ரிச்சர்ட் நிக்சன் 60.7 விழுக்காடு, 49 மாநிலங்கள். 1984-இல் ரீகன் 58.8 விழுக்காடு, 525-க்கு 13. கடைசியாகச் சொன்ன தேர்தலில் வால்டர் மாண்டேலுக்கு மிஞ்சியது தலைநகரும் அவருடைய சொந்த மாநிலமான மின்னசோட்டாவும்தான். அதையும் அவர் 3,761 வாக்குகளில் காப்பாற்றிக்கொண்டார்.

இந்த நான்கிலும் பொதுவாக ஒன்றைக் காண்கிறேன். நான்கு பேருமே ஏற்கெனவே பதவியில் இருந்தவர்கள். மக்கள் ஒருவரை முதன்முறை தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் முந்தையவர் மீதுள்ள கோபத்தால். அவரையே அள்ளிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவது, தம் வாழ்க்கை முன்பைவிடத் தேறியிருக்கிறது என்ற உணர்வால். 1933-இல் உழைக்கக்கூடியவர்களில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவில் இருந்த வேலையின்மை 1936-இல் முழுவதும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் கண்கூடாகக் குறைந்திருந்தது. 1935-இல் முதியோர் ஓய்வூதியத்துக்கான சட்டமும் வந்துவிட்டது. ரீகன் காலத்திலும் அப்படியே. 1980-இல் 13.5 விழுக்காடாக இருந்த பணவீக்கம் 1984-இல் நான்கை ஒட்டி இறங்கியது. 1982-இன் இறுதியில் பத்தைத் தாண்டியிருந்த வேலையின்மை ஏழுக்கு வந்தது. நிலைமை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைவிட, அது எந்தத் திசையில் போகிறது என்பதையே வாக்காளர் பார்க்கிறார்.

இரண்டாவதாக, எதிர்க்கட்சி தன்னுடைய ஓரத்துக்குப் போய் நின்றிருக்க வேண்டும். 1964-இல் பாரி கோல்ட்வாட்டர், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிசார் உரிமைகள் சட்டத்துக்கு எதிராக மேலவையில் வாக்களித்திருந்தார். அவருக்குக் கிடைத்தவை சொந்த மாநிலமான அரிசோனாவும் தென்கோடி மாநிலங்கள் ஐந்தும் மட்டுமே. 1972-இல் ஜார்ஜ் மெக்கவர்ன் தம் கட்சியின் தொழிற்சங்கத் தலைவர்களையே முழுமையாகத் தம் பக்கம் வைத்துக்கொள்ள முடியாமல் போனார். துணை அதிபர் வேட்பாளரையும் நடுவழியில் மாற்ற நேர்ந்தது. 1984-இல் மாண்டேல் கட்சி மாநாட்டு மேடையிலேயே வரியை உயர்த்துவேன் என்று அறிவித்தார். அது நேர்மையான பேச்சு என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் தேறிவரும் குடும்பம் கேட்க விரும்பும் பேச்சு அது அல்ல.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: மாற்றுக் கட்சிக்காரர் கடந்து வர வேண்டும். டெட்ராய்ட் நகரத்துக்கு வடக்கே மெக்கோம்ப் என்றொரு மாவட்டம் உண்டு. கார் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த, ஜனநாயகக் கட்சியின் அசைக்க முடியாத பகுதி. 1960-இல் கென்னடிக்கு 63 விழுக்காடு அளித்த அந்த மாவட்டம் 1984-இல் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு 66 விழுக்காடு அளித்தது. பெருவெற்றி எங்கே உருவாகிறது என்று மாணவர்கள் கேட்டால், அந்த ஒரு மாவட்டத்தைக் காட்டுங்கள். தன் கோட்டையில் எழுபதை எண்பதாக்குவதால் ஒரு தேர்வாளர் வாக்கும் கூடுவதில்லை. எதிரியின் கோட்டையில் நாற்பத்தைந்தை ஐம்பத்தொன்றாக்கினால் ஒரு மாநிலம் முழுதும் மடியில் விழுகிறது.

இறுதியாக ஒன்று. நீங்கள் "கட்சி" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்கில் கட்சி வென்றவை இரண்டே. 1936-இல் ரூஸ்வெல்ட்டோடு சேர்ந்து கீழவையில் அவர் கட்சிக்கு 334 இடங்களும், 1964-இல் ஜான்சனோடு சேர்ந்து 295 இடங்களும் வந்தன. அந்தப் பலத்தில்தான் 1965-இல் முதியோர் மருத்துவக் காப்பீடும் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. 1972-இலும் 1984-இலும் வென்றவை ஆள்கள்தாம். நிக்சனுக்கு 49 மாநிலங்களைக் கொடுத்த அதே மக்கள் இரு அவைகளையும் எதிர்க்கட்சியிடமே விட்டுவைத்தார்கள்; ரீகன் 525 பெற்ற அன்று கீழவையில் ஜனநாயகக் கட்சிக்கு 253 இடங்கள் இருந்தன. ஆளுக்கு வந்த அலையைக் கட்சியின் அலை என்று எண்ணிக்கொண்டவர்கள் அங்கும் ஏமாந்திருக்கிறார்கள்.

மறுமொழி: மேலூர்ப் பக்கம்

கீழவாசல் பேராசிரியர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கட்சியின் வாக்குச்சாவடி முகவராகவும் எண்ணிக்கை முகவராகவும் உட்கார்ந்தவன் என்ற முறையில், அந்த மூன்றாவது காரணத்தைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

2004 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி 39 தொகுதிகளையும் எடுத்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் தோற்ற அணியின் முகவர். எண்ணும் மேசைக்கும் எங்களுக்கும் நடுவே கம்பி வலை. அதிகாரி இயந்திரத்தின் முத்திரையை எங்களிடம் காட்டிவிட்டு உடைத்து, முடிவுக்கான பொத்தானை அழுத்துவார். வேட்பாளர் எண்ணும் வாக்கும் ஒவ்வொன்றாக ஒளிரும். நாங்கள் தாளில் குறித்துக்கொள்வோம். மூன்றாம் சுற்றிலோ நான்காம் சுற்றிலோ எங்கள் ஊர் இயந்திரம் வந்தது. எங்கள் கட்சி எந்தக் காலத்திலும் பின்தங்காத சாவடி அது. கட்சி மாநிலம் முழுக்கத் தோற்ற 1996-இலும் அந்த ஊரில் எங்களைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்த சாவடி. எண்கள் ஒளிர்ந்தபோது, நான் குறித்துக்கொண்டது தவறு என்று நினைத்து, தயவு செய்து இன்னொரு முறை காட்டுங்கள் என்று கேட்டேன். அவரும் முகம் சுளிக்காமல் மறுபடியும் பொத்தானை அழுத்திக் காட்டினார். அதே எண்கள். வாக்குப்பதிவு முடிந்த மாலையில் நான் வாங்கி வைத்திருந்த, சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தை எடுத்து மொத்தத்தைச் சரிபார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது. அந்த நிமிடத்தில், மாநிலத்தில் என்ன நடந்திருக்கிறது என்பது தொலைக்காட்சி சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் எங்கள் தெருவில் ஓர் அத்தை, பிறந்தது முதல் என்னைத் தூக்கி வளர்த்தவர், வாசல் தெளித்துக்கொண்டே, இந்த ஒரு தடவை மாற்றிப் போட்டுவிட்டேன், மனத்தில் வைத்துக்கொள்ளாதே அப்பா என்றார். காரணம் எதையும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாதாரணத் தோல்வியில் எதிரணித் தெருக்கள் நம்மைத் தோற்கடிக்கின்றன. அலைத் தோல்வியில் நம் தெருவே தோற்கடிக்கிறது. மெக்கோம்ப் மாவட்டத்திலும் 1984-இல் என்னைப் போல் ஒருவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அலையாக வந்த வாக்கு கடனாக வந்த வாக்கு. 1980 ஜனவரியில் தி.மு.க.வும் காங்கிரசும் சேர்ந்து மாநிலத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் 37-ஐ அள்ளின, எம்.ஜி.ஆர். கட்சிக்குக் கிடைத்தவை கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். அதை நம்பி அவருடைய ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதத்திலேயே நடந்த சட்டமன்றத் தேர்தலில் இதே மதுரை மேற்கில் நின்று வென்று, அவர் மீண்டும் முதலமைச்சராக வந்து உட்கார்ந்தார். நடுவே இருந்தது ஐந்து மாதம்கூட இல்லை.

மறுமொழி: அண்ணாநகர் கணக்கர்

வணக்கம். நான் தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் பணிபுரிபவள். எண்களைப் பார்க்காமல் எனக்கு எதுவும் பிடிபடாது. பேராசிரியர் ஐயா சொன்ன மூன்று காரணங்களில் முதல் இரண்டும் பழைய தேர்தல்களுக்கு முழுமையாகப் பொருந்துகின்றன, ஆனால் இன்றைக்கு அவை மட்டும் போதா என்பதை மரியாதையுடன் சொல்ல விரும்புகிறேன்.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெருந்தொற்று, ஏப்ரல் மாதத்தில் வேலையின்மை 14 விழுக்காட்டைத் தாண்டியது. ரூஸ்வெல்ட் காலமாக இருந்திருந்தால் பதவியில் இருந்தவர் அடியோடு வீழ்ந்திருப்பார். நடந்தது என்ன? டிரம்ப் ஏறத்தாழ 47 விழுக்காடு பெற்றார்; அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து 44,000-க்கும் குறைவான வாக்குகள் இடம் மாறியிருந்தால் தேர்வாளர் வாக்கு சமநிலையில் போய் நின்றிருக்கும். அடுத்து 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 விழுக்காடு, நாற்பது ஆண்டுகளில் காணாத உயரம். அந்தக் கோபம் ஆறாமல் நடந்த 2024 தேர்தலிலும் இடைவெளி, அந்த மாணவி எழுதியபடி, ஒன்றரை விழுக்காடுதான். இடி எவ்வளவு பெரிதாக விழுந்தாலும் வாக்காளர் இடத்தை விட்டு நகர்வதில்லை. 2016-க்கும் 2020-க்கும் இடையே கட்சி மாறிய மாநிலங்கள் ஐந்து. 2020-க்கும் 2024-க்கும் இடையே அதே ஐந்தும் நெவாடாவும்.

ஒரே நாளில் இரண்டு கட்சிகளுக்கும் பிரித்து ஓட்டுப் போடும் வழக்கமே அருகிவிட்டது. 2016-இல் மேலவைத் தேர்தல் நடந்த ஒவ்வொரு மாநிலத்திலும், அதிபர் தேர்தலில் வென்ற கட்சியே மேலவை இடத்தையும் வென்றது. 2020-இல் கீழவையின் 435 தொகுதிகளில் அதிபருக்கு ஒரு கட்சியையும் உறுப்பினருக்கு மற்றொரு கட்சியையும் தேர்ந்தெடுத்தவை 16 மட்டுமே. மேலூர் அண்ணனின் அத்தையைப் போன்றவர்கள் அங்கே மிகவும் குறைந்துவிட்டார்கள் என்பதே இதன் பொருள்.

இன்றைய நிலையில் 400-ஐ எட்ட என்ன வேண்டும் என்று நேற்றிரவு ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். டிரம்பின் குடியரசுக் கட்சியின் கையிருப்பு 312. ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குள் அது 2024-இல் இழந்த மாநிலங்கள் நியூ ஹாம்ப்ஷயர் 4, மின்னசோட்டா 10, வர்ஜீனியா 13, நியூ ஜெர்சி 14, நியூ மெக்சிகோ 5, மெய்னில் மாநிலம் முழுவதற்குமான 2. இத்தனையையும் ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டாலும் 360-தான் வருகிறது. அதற்கு மேல் இல்லினாய் 19-ஐயும் நியூயார்க் 28-ஐயும் சேர்த்தால்தான் 407. ஜனநாயகக் கட்சிக்கோ 226 கையிருப்பு. ஊசலாடும் ஏழு மாநிலங்களின் 93-ஐச் சேர்த்தால் 319. பிறகு புளோரிடா 30, டெக்சாஸ் 40, ஓஹையோ 17 மூன்றையும் எடுத்தால் 406. அவற்றில் ஒன்று நழுவினாலும் 400 இல்லை. இரு கட்சிகளுமே, 10 விழுக்காட்டுக்கு மேல் பின்தங்கிய பெரிய மாநிலங்களுக்குள் போய் வென்றாக வேண்டும். ரீகன் இரண்டு முறையும் கலிபோர்னியாவையும் நியூயார்க்கையும் சேர்த்தே வென்றார் என்பதை நினைத்துப் பார்த்தால், இன்றைக்கு அந்த இரண்டின் 82 வாக்குகளும் பூட்டிய பெட்டிக்குள் இருப்பது எவ்வளவு பெரிய தடை என்பது விளங்கும்.

கட்சியால் ஆகக்கூடியது ஒன்று உண்டு என்று நம்புகிறேன்: தோற்கும் என்று தெரிந்த மாநிலத்திலும் அலுவலகத்தைத் திறந்து வைத்து, ஆள் போட்டு, ஆண்டுக்கணக்கில் வேலை செய்வது. 2005 முதல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவராக இருந்த ஹோவர்ட் டீன் ஐம்பது மாநிலங்களிலும் பணியாளர்களை அமர்த்தியபோது, பணத்தை வீணடிக்கிறார் என்று சொந்தக் கட்சியிலேயே பேசினார்கள். 2008-இல் பொருளாதாரம் சரிந்தது. ஒபாமா இந்தியானாவையும் வர்ஜீனியாவையும் வென்றார். 1964-க்குப் பிறகு அந்தக் கட்சியின் பக்கம் வராத மாநிலங்கள் அவை. சரிவை டீன் உண்டாக்கவில்லை, ஆனால் சரிவு வந்த நாளில் அந்த ஊர்களில் கதவைத் தட்ட ஆள் இருந்தது. அவ்வளவு கூடிவந்தும் மொத்தம் 365-இல் நின்றுவிட்டது என்பதையும் மறைக்கக் கூடாது.

மறுமொழி: ஆனையூர்

நான் மதுரை ஆனையூர் முகாமில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பெற்றோரின் நாட்டிலும் ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால் இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். இலங்கையில் தேர்வாளர் குழு இல்லை. பாதிக்கு மேல் வாக்கு வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டும். ஆகவே அங்கே எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி கிடையாது. 62 விழுக்காடு என்றால் உண்மையாகவே 62 விழுக்காடு. 1994-இல் சந்திரிகா குமாரதுங்க அதைப் பெற்றார். ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் காமினி திசாநாயக்க பிரசாரத்தின் நடுவே குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டு, அவருடைய மனைவி நிறுத்தப்பட்ட தேர்தல் அது. பதினேழு ஆண்டு ஆட்சியின் மீதிருந்த சலிப்பும், போர் நிற்கும் என்ற நம்பிக்கையும் ஒன்றுசேர்ந்து, 160 தேர்தல் தொகுதிகளில் ஒன்றைத் தவிர அனைத்தையும் அவருக்குக் கொடுத்தன. தமிழர்களும் பெருவாரியாக அவருக்கே வாக்களித்தார்கள். அந்த நம்பிக்கை என்ன ஆனது என்பது எங்கள் முகாமில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

2024 செப்டம்பரில் அனுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காட்டில் நின்றதால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகளை எண்ணித்தான் அவரை அறிவித்தார்கள். இரண்டே மாதத்தில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159-ஐ வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3 அதற்குப் போயின. தெற்கில் பிறந்த ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடத்துக்கு வந்ததைக் கைப்பேசியில் பார்த்த என் அப்பா, நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பேராசிரியர் ஐயா சொன்ன அந்த மூன்றாவது காரணம், கடந்து வருதல், எனக்கு அன்று நேரில் தெரிந்தது.

திருமங்கலம் வாசகர்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. இவ்வளவு அக்கறையுடன் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது. யாரும் கடந்து வராமலேயே, எதிர்முகாம் இரண்டாகப் பிளந்து நின்றால் பெருவெற்றி கிடைத்துவிடாதா?

மறுமொழி: கீழவாசல்

கிடைக்கும் ஐயா, 1912 அதற்குச் சரியான சான்று. குடியரசுக் கட்சி வில்லியம் டாஃப்ட் பக்கமும் தியோடர் ரூஸ்வெல்ட் பக்கமும் இரண்டாக உடைந்தது. உட்ரோ வில்சன் 41.8 விழுக்காடு மட்டும் பெற்று 435 தேர்வாளர் வாக்குகளைக் குவித்தார். ரூஸ்வெல்ட்டுக்கு 88, பதவியில் இருந்த டாஃப்டுக்கு 8. என் அளவுகோலின் இரண்டு நிபந்தனைகளையும் அது நிறைவு செய்கிறது, ஆனால் பத்தில் ஆறு பேர் அவருக்கு எதிராக வாக்களித்த தேர்தலும் அதுவே. 1916-இல் அந்தப் பிளவு ஏறக்குறைய ஆறிவிட்டிருந்தது. வில்சன் 277-க்கு 254 என்று மயிரிழையில் தப்பினார்.

அண்ணாநகர்ச் சகோதரி சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் படித்ததும் பாடம் நடத்தியதும் வாக்காளர்கள் இடம் மாறிய காலத்தின் தேர்தல்களை. பொருளாதாரத்தின் திசை இன்றும் வெற்றியைத் தீர்மானிக்கலாம், ஆனால் வெற்றியின் அளவைத் தீர்மானிப்பதில்லை என்று என் பதிலைத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: மேலூர்ப் பக்கம்

பிளவுக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு 1989 ஜனவரியில் அ.தி.மு.க. ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று இரண்டாக நின்றது. காங்கிரசும் தனியாக நின்றது. தி.மு.க. மூன்றில் ஒரு பங்கு வாக்கிலேயே ஆட்சியைப் பிடித்தது. ஆனால் மதுரை கிழக்கிலும் மருங்காபுரியிலும் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தது. அதற்குள் இரண்டு அணிகளும் ஒன்றாகி இரட்டை இலையைத் திரும்பப் பெற்றுவிட்டன. இரண்டு தொகுதிகளையும் அ.தி.மு.க. வென்றது. இரண்டே மாதத்தில், அதே ஆளுங்கட்சி, அதே மக்கள். இதை உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள் ஐயா. 1912-ஐவிட இது அவர்கள் மனத்தில் நிற்கும்.

திருமங்கலம் வாசகர்

நிச்சயமாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது மாநிலங்களின் வெற்று வரைபடத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, ஒரு கட்சியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அது தோற்ற மாநிலங்களிலிருந்து 400-ஐ எட்டிக் காட்டுங்கள் என்று சொல்லப் போகிறேன். ஒவ்வொரு மாநிலத்தை எடுக்கும்போதும், அங்கே யார் எதற்காக மாறி ஓட்டுப் போடுவார் என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். 312 எழுதிய மாணவருக்கு ஜனநாயகக் கட்சியையும், 49.8 எழுதிய மாணவிக்குக் குடியரசுக் கட்சியையும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

மறுமொழி: அண்ணாநகர் கணக்கர்

ஐயா, வரைபடத்தை அச்சடிப்பதற்கு முன் ஒரு சிறு குறிப்பு. மெய்னுக்கும் நெப்ராஸ்காவுக்கும் தனிக் கட்டம் போட்டுவிடுங்கள். மெய்னுக்கு 4, மாநிலம் முழுவதும் வென்றவருக்கு 2, இரண்டு தொகுதிகளுக்கும் ஒவ்வொன்று. நெப்ராஸ்காவுக்கு 5, அதே முறையில் 2-ம், மூன்று தொகுதிகளுக்கு ஒவ்வொன்றும். 2024-இல் இரண்டிலும் ஒவ்வொரு தொகுதி மாற்றுக் கட்சிக்குப் போனது. அவை ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் இரண்டையும் கவனிக்காமல் கூட்டினாலும் 312-ம் 226-ம் வந்துவிடும், ஆனால் ஒன்றை மட்டும் கவனித்து மற்றதை விட்டால் பிள்ளைகளுக்குக் கணக்கு பிசகும்.